மாற்றக் கூடாத பாகம்

கைக்கடிகாரம் வாங்குவது குடும்ப வரலாற்றில் குறித்து வைக்கத்தக்க ஒரு நிகழ்ச்சியாக இருந்த காலம் உண்டு. பள்ளியிறுதித் தேர்வில் தேறிய மகனுக்கும், முதற் சம்பளம் வாங்கிய இளைஞனுக்கும், திருமண நாளன்று மாப்பிள்ளைக்கும் உரிய பரிசாக அது கருதப்பட்டது. இன்றோ, நேரம் பார்க்கக் கைப்பேசியே போதுமானதாகிவிட்டது. ஆயினும் நம் வீடுகளில் அலமாரியின் மேல்தட்டிலோ, தையற்பெட்டியின் அடியிலோ, ஓடாத பழைய கடிகாரம் ஒன்று கிடக்கத்தான் செய்கிறது. அதை எறியவும் மனம் வருவதில்லை, அணியவும் வழியில்லை. அத்தகைய கடிகாரங்களைப் பற்றியும், அவற்றைத் திறந்து பார்ப்பவன் கற்றுக்கொள்ளும் சில உண்மைகளைப் பற்றியும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அடியேன் தொழிலால் கடிகாரம் பழுது பார்ப்பவன் அல்லன். அலுவலகக் கோப்புகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன். கடிகாரப் பழுது எனக்குப் பொழுதுபோக்கு. திருவண்ணாமலையில் தேரடி வீதியை ஒட்டி, நான்கு பேர் நிற்கவும் இடமில்லாத ஒரு சிறு கடையில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர்தாம் இக்கலையில் என் ஆசான். மாலையில் அலுவலகம் விட்டதும் அவர் கடைக்குச் சென்று நிற்பேன். முதல் ஆறு மாதங்கள் அவர் என்னை எதையும் தொடவிடவில்லை. பார்க்க மட்டுமே அனுமதி. பிறகு ஒரு நாள் சாமணத்தைக் கையில் கொடுத்து, மேசை மேல் கிடந்த ஒரு திருகாணியை எடுக்கச் சொன்னார். எள்ளினும் சிறிய அந்தத் திருகாணியை மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன். "மூச்சை அடக்காதே தம்பி, அடக்கினால் கை நடுங்கும். சும்மா மூச்சு விட்டுக்கொண்டே எடு" என்றார். அதுவே முதற்பாடம்.

அவர் கடைக்கு வந்த கடிகாரங்களுள் ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற சுவிட்சர்லாந்துக் கடிகாரங்களும் உண்டு. ஆனால் நடுத்தரக் குடும்பத்தினர் கொண்டுவந்தவை பெரும்பாலும் எச்.எம்.டி. கடிகாரங்களே. பொதுத்துறை நிறுவனமாகிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு தொழில்நுட்ப உடன்பாடு செய்துகொண்டு, 1961-ஆம் ஆண்டு பெங்களூரில் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் என்று அது வெளியிட்ட கடிகாரங்கள் ஆசிரியர், எழுத்தர், இரயில்வே ஊழியர், சிறு வணிகர் ஆகியோரின் மணிக்கட்டுகளில் ஏறின. பின்னர் குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்தன. 1969-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று டோக்கியோவில் செய்கோ நிறுவனம் விற்பனைக்கு வைத்த ஆஸ்ட்ரான் கடிகாரமே உலகின் முதற் குவார்ட்ஸ் கைக்கடிகாரமாகும். நம் நாட்டில் டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984-இல் உருவாக்கிய டைட்டன் நிறுவனம், ஓசூரில் ஆலை அமைத்து அந்தப் புதுமையை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. எச்.எம்.டி. மெல்ல மெல்ல நலிந்தது. அதன் கடிகாரப் பிரிவை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. என் ஆசானின் கடை அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. அவருடைய சாமணமும், கண்ணில் மாட்டும் லென்ஸும், சிறு திருப்புளிகள் சிலவும் என்னிடம் வந்து சேர்ந்தன.

சாவி கொடுக்கும் கடிகாரத்தின் உள்ளமைப்பு வியப்புக்குரியது. ஆனால் விளங்கிக்கொள்ள முடியாதது அன்று. குமிழைத் திருகும்போது ஓர் எஃகுச் சுருள் இறுகுகிறது. அதுவே மெயின் ஸ்பிரிங். அது விரிய முயலும் விசை பற்சக்கரங்களின் வழியே ஓடி, பேலன்ஸ் எனப்படும் சிறு சக்கரத்தை அடைகிறது. மயிரிழை போன்ற இன்னொரு சுருள் அச்சக்கரத்தை இப்புறமும் அப்புறமும் ஆட்டுகிறது. ஜனதா கடிகாரத்தில் ஒரு நொடிக்கு ஐந்து துடிப்பு. ஒரு மணிக்கு 18,000. ஒரு நாளைக்கு 4,32,000. டயலில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பதைக் கண்டு, உள்ளே விலையுயர்ந்த மாணிக்கங்கள் இருப்பதாக எண்ணுவோர் உண்டு. கற்கள் இருப்பது உண்மை. ஆயின் அவை ஆலையில் செய்யப்பட்ட செயற்கை மாணிக்கங்கள். சக்கரங்களின் அச்சு முனைகள் தேயாமல் சுழல்வதற்காகவே அவை பதிக்கப்படுகின்றன. ஒரு நாளைக்கு அரை நிமிடம் பிந்தும் கடிகாரத்தை 'கெட்டுப்போனது' என்று சொல்லுகிறோம். அந்தப் பிழை 2,880-இல் ஒரு பங்கு மட்டுமே! நம்மில் எவருடைய அன்றாடப் பணி அத்துணைத் துல்லியமாக நடைபெறுகிறது?

கடிகாரம் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பாகங்கள் உடைவதன்று. அச்சு முனைகளில் இட்ட எண்ணெய் சில ஆண்டுகளில் உலர்ந்து பிசினாகிவிடுகிறது. தூசியும் வியர்வையும் அதனோடு சேர்கின்றன. ஒவ்வொரு பாகமாகப் பிரித்து, கழுவி, உலர்த்தி, ஊசிமுனையளவு புதிய எண்ணெய் இட்டுப் பூட்டினால், பல ஆண்டுகள் உறங்கிய கடிகாரம் மீண்டும் துடிக்கத் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் உண்டாகும் மகிழ்ச்சியை அனுபவித்தவர்களே அறிவர்.

என் ஆசான் அடிக்கடி சொல்லிய ஒரு மொழியை இங்கே குறிப்பிட வேண்டும். "எதை மாற்றணும் என்று எல்லாரும் பார்ப்பான். எதை மாற்றக் கூடாது என்று பார்க்கிறவன்தான் மெக்கானிக்." இதன் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் சென்றன.

இப்போது பழைய கடிகாரங்களுக்கு உலகெங்கும் ஆர்வலர்கள் தோன்றியிருக்கிறார்கள். எச்.எம்.டி. கடிகாரங்களை வெளிநாட்டாரும் விரும்பி வாங்குகிறார்கள். தேவை பெருகியதும் ஒரு கெட்ட வழக்கமும் உடன் வளர்ந்தது. மங்கிய டயலைச் சுரண்டிவிட்டு, நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத நிறங்களில் புதுச்சாயம் பூசி, நான்கு கடிகாரங்களின் பாகங்களை ஒன்றாக்கி, 'பழைய அசல்' என்று விற்கிறார்கள். இத்தகைய கடிகாரங்களுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே சேகரிப்பாளர்கள் பெயரிட்டுவிட்டார்கள்.

மாற்றியமைப்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஜப்பானிய என்.எச். 35 மெஷினை வாங்கி, தனித்தனியே தருவித்த கூட்டையும் டயலையும் முட்களையும் பொருத்தித் தமக்கென ஒரு கடிகாரம் செய்துகொண்டார். ஒரு மணிக்கு 21,600 துடிப்பும் 24 கற்களும் உடைய அந்த மெஷின், கையசைவிலேயே தானாகச் சாவி ஏறுவது. கடிகாரம் அழகாக இருந்தது. அதன் டயலில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. யார் கேட்டாலும், "நானே கோத்தது" என்று மகிழ்ச்சியோடு கூறுகிறார். அதில் உழைப்பு இருக்கிறது, கற்பனை இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. அதே டயலில் புகழ்பெற்ற ஒரு பெயரை அச்சிட்டுவிட்டால் அக்கணமே அது பொய்யாகிவிடும். கைத்திறன் ஒன்றே. நல்லதா தீயதா என்பதைச் சொல்லும் சொல்லே தீர்மானிக்கிறது.

மாற்றுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இருளில் ஒளிரும் எண்களைக் கொண்ட மிகப் பழைய கடிகாரங்களில் ரேடியம் கலந்த சாயம் பூசப்பட்டது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இச்சாயத்தைத் தீட்டிய இளம்பெண்கள், தூரிகையின் முனையைக் கூராக்க உதடுகளில் வைத்து ஈரப்படுத்தினர். அவ்வாறே செய்யும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. தாடையெலும்பு சிதைந்தும் இரத்தம் குன்றியும் பலர் மாண்டனர். அவர்களுள் ஐவர் தொடுத்த வழக்கு 1928-இல் சமரசத்தில் முடிந்தது. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களுக்கு அது ஒரு தூண்டுகோலாயிற்று. 1960-களில் ரேடியச் சாயம் படிப்படியாகக் கைவிடப்பட்டது. அந்தப் பழைய டயல்கள் இன்று ஒளிர்வதில்லை. ஆனால் ஒளி மங்கியதால் நஞ்சு நீங்கிவிட்டதென்று பொருளன்று. ரேடியத்தின் ஆற்றல் பாதியாகக் குறைவதற்கே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். ஆகவே, பாட்டனார் காலத்து ஒளிரும் டயலைச் சுரண்டிப் புதுப்பிக்க வீட்டில் எவரும் முனைய வேண்டாம். மூடியபடியே இருக்கட்டும்.

இனி, ஆசானின் மொழியை எனக்கு முழுமையாக விளக்கிய ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

நகரை அடுத்த ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்து மறைந்த ஒருவரின் குடும்பம். இரண்டு ஆண் மக்கள். மூத்தவர் சென்னையில் பணிபுரிகிறார். இளையவர் தாயோடு ஊரிலேயே இருக்கிறார். நிலம், வீடு, சேமிப்பு ஆகிய அனைத்தையும் சகோதரர் இருவரும் சச்சரவின்றிப் பகிர்ந்துகொண்டனர். ஊரார் மெச்சும்படி நடந்தது. இறுதியில் எஞ்சியது தந்தையின் கைக்கடிகாரம் ஒன்றே. திருமணத்தின்போது மாமனார் அளித்த எச்.எம்.டி. ஜனதா. விற்றால் பெருந்தொகை எதுவும் கிடைக்காது. ஆனால் நிலத்துக்கு வராத பிணக்கு அந்தக் கடிகாரத்துக்கு வந்தது. தலைமகன் என்ற முறையில் தமக்கே உரியது என்றார் மூத்தவர். கடைசி மூன்றாண்டுகள் தந்தையைக் குளிப்பாட்டி உணவூட்டியவன் நான் என்றார் இளையவர். இரண்டு மாதங்களாகச் சகோதரர்கள் தொலைபேசியிலும் பேசிக்கொள்ளவில்லை என்று அந்த அம்மையார் என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார்.

ஒரு ஞாயிறு மாலை அவர் அழைத்ததன் பேரில் என் கருவிப் பெட்டியோடு அவர்கள் இல்லத்துக்குச் சென்றேன். மூத்தவரும் வந்திருந்தார். அவரிடம் ஒரு யோசனை இருந்தது.

"மாமா, இதே மாதிரி இன்னொரு ஜனதா உங்களிடம் இருக்கிறதாமே. அப்பா வாட்ச்சின் மெஷினை எடுத்து அந்தக் கூட்டில் போட்டு எனக்குக் கொடுங்கள். அப்பா வாட்ச்சின் கூடும் டயலும் தம்பிக்கு இருக்கட்டும். அதற்குள் உங்கள் மெஷினைப் போடுங்கள். இரண்டு பேருக்கும் அப்பா வாட்ச் கிடைத்த மாதிரி ஆகும்."

இளையவர் மறுக்கவில்லை. "அப்படியே செய்துவிட்டு, டயலையும் புதிதாகப் போட்டுவிடுங்கள் மாமா. நாலு மணி பக்கம் பழுப்பாகக் கறை பிடித்திருக்கிறது" என்றார்.

செய்ய முடியாததை அவர்கள் கேட்கவில்லை. ஒரே வகைக் கடிகாரங்கள் ஆதலால் ஒரு மாலைப் பொழுதுக்குள் முடிந்துவிடக்கூடிய வேலை. இரண்டும் ஓடும், இரண்டும் நேரம் காட்டும். "முடியும்" என்றே சொன்னேன். "ஆனால் அப்புறம் அப்பாவின் கடிகாரம் எது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், இரண்டு பேருமே 'பாதி' என்றுதான் சொல்ல முடியும். முதலில் திறந்து பார்ப்போம்" என்று கூறி, பின்மூடியைக் கழற்றினேன்.

பழுது பார்ப்பவர்களிடையே ஒரு பழைய வழக்கம் உண்டு. பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் தேதியையும் தம் அடையாளத்தையும் மெல்லக் கீறி வைப்பார்கள். அடுத்த முறை அதே கடிகாரம் வரும்போது, முன்னர் எப்போது திறந்தோம் என்று அறிவதற்காக. சொந்தக்காரர் கண்ணில் அது ஒருபோதும் படுவதில்லை. லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தேன். மூன்று வரிகள். ஒவ்வொன்றின் முடிவிலும் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. என் ஆசானின் அடையாளம் அது. அந்தக் கையெழுத்தை எங்கே கண்டாலும் நான் அறிவேன்.

"8-79" என்று முதல் வரியை வாசித்தேன்.

அம்மையார் சிறிது நேரம் யோசித்தார். பிறகு மூத்த மகனைப் பார்த்தார். "எழுபத்தொன்பதா? அந்த வருஷம்தானே நீ அதைக் கிணற்றில் போட்டாய்! உனக்கு ஆறு வயது. அப்பா குளிக்கும்போது கழற்றித் துவைக்கிற கல்லின் மேல் வைத்திருந்தார். எடுத்து விளையாடி உள்ளே போட்டுவிட்டாய். ஆளை இறக்கி எடுத்தார்கள். அடி விழும் என்று பயந்து நீ வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'பிள்ளை விழாமல் வாட்ச் விழுந்ததே, போதும்' என்று சொல்லிவிட்டு டவுனுக்குச் சைக்கிளில் போனார்."

மூத்தவருக்கு அது நினைவில் இல்லை. அவர் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"11-88" என்றேன்.

"அது மழை. சின்னவனுக்குக் காய்ச்சல். பஸ் இல்லை. சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, தன் வேட்டியால் இவனை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வாட்ச்சுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அந்தக் கறை அப்போது வந்ததுதான் தம்பி."

மாற்றச் சொன்ன கறையை இளையவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வரி 3-97. அதற்குக் காரணம் எதுவும் அம்மையாருக்குத் தோன்றவில்லை. சுத்தம் செய்து எண்ணெய் இடுவதற்காகக் கொடுத்திருக்கலாம். எல்லா ஆண்டுகளும் கதை வைத்திருப்பதில்லை. சில ஆண்டுகள் எண்ணெய் இடுவதோடு கழிந்துவிடுகின்றன. அவையும் நல்ல ஆண்டுகளே.

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் மூத்தவர்தான், "பிரிக்க வேண்டாம் மாமா. தம்பியிடமே இருக்கட்டும்" என்றார். "அம்மா இருக்கும்வரை அம்மாவிடம் இருக்கட்டும் அண்ணே" என்றார் இளையவர். நான் அங்கே எந்தச் சமரசமும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் எழவில்லை. அந்தக் குடும்பத்தின் குறிப்பேட்டைத் திறந்து வாசித்ததே என் பணி. எழுதி வைத்தவர்கள் இருவரும் இவ்வுலகில் இல்லை.

கடிகாரத்தை வீட்டுக்கு எடுத்துச்சென்று பிரித்துக் கழுவினேன். தளர்ந்திருந்த மெயின் ஸ்பிரிங்கையும், விரிசல் விட்டிருந்த பிளாஸ்டிக் கண்ணாடியையும் மாற்றினேன். டயலைத் தொடவில்லை. அந்த மூன்று வரிகளுக்குக் கீழே நான் எதுவும் கீறவுமில்லை. மாற்றிய பாகங்கள் எவை, எந்த நாளில் மாற்றப்பட்டன என்பதை ஒரு சிறு தாளில் எழுதி, கழற்றிய பழைய ஸ்பிரிங்கோடு ஓர் உறையிலிட்டு அம்மையாரிடம் ஒப்படைத்தேன். என்னிடமிருந்த உதிரிப் பாகங்களைக் கொண்டு இன்னொரு ஜனதாவும் கோத்து மூத்தவரின் மகனுக்குக் கொடுத்தேன். 'மூன்று கடிகாரங்களிலிருந்து செய்தது' என்று அதற்கும் ஒரு தாள். அம்மையார் நாள்தோறும் காலையில் கணவரின் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார். சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் அந்தப் பணியை மூத்தவர் ஏற்றுக்கொள்கிறாராம்.

வாசகர்களுக்குச் சில சொற்கள். உங்கள் இல்லத்தில் ஓடாத கடிகாரம் இருந்தால், அதைப் புதிதாக்கித் தரும்படி யாரிடமும் சொல்லாதீர்கள். ஓடும்படி செய்து தரச் சொல்லுங்கள். இரண்டு சொற்களுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எவற்றை மாற்றினார் என்பதைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி அதற்கு வருந்தமாட்டார். ஓடும் கடிகாரமாயின் நாள்தோறும் ஒரே வேளையில் சாவி கொடுங்கள், குமிழ் தானாக நிற்குமிடத்தில் நிறுத்துங்கள், வலிந்து திருகாதீர்கள். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுங்கள். ஒலிபெருக்கி, காந்தம் வைத்த கைப்பேசி உறை போன்றவற்றின் அருகே வைக்காதீர்கள். மயிரிழைச் சுருளில் காந்தம் ஏறினால் கடிகாரம் விரைந்து ஓடத் தொடங்கும். பழைய கடிகாரத்தில் மழைநீர் புகும் என்பதை மறவாதீர்கள்.

நம் ஊரில் கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணியை நெருங்கும்போது, மலையுச்சியை நோக்கி நிற்கும் இலட்சக்கணக்கான மக்களுள் பலரும் தம் மணிக்கட்டைப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். இப்போது பெரும்பாலோர் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். நேரம் ஒன்றுதான். கைப்பேசி மூன்று நான்கு ஆண்டுகளில் மாறிவிடும். அதற்குள் எவரும் எதையும் கீறி வைப்பதில்லை. தந்தையின் கடிகாரமோ, அவர் எவ்வளவு நேரம் பிந்தினார், யாருக்காகப் பிந்தினார் என்பதையும் சேர்த்து வைத்திருக்கிறது. எதை மாற்றக் கூடாது என்று என் ஆசான் சொன்னது அதைத்தான் என்று இப்போது எண்ணுகிறேன்.